விமானத்தில் ரேடியோ செத்தால் கையில் என்ன இருக்க வேண்டும்: பிஜே2, ஏ25என், எஃப்டிஏ-550 மூன்றையும் பாவித்துப் பார்த்தேன்

போன வருடம் கச்சான் காற்று தொடங்கிய நாட்களில் இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்கு வாடகைக்கு எடுத்த ஒரு செஸ்னா 172இல் வந்துகொண்டிருந்தேன், பக்கத்தில் எனக்குப் பறக்கச் சொல்லித்தந்த சேர். நேர்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர், ஒரு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடப் பிடிக்கும். மஹியங்கனையைத் தாண்டியபின் மட்டக்களப்பு விமான நிலையக் கட்டுப்பாட்டு டவரைக் கூப்பிடலாம் என்று பொத்தானை அமுக்கினேன். திரை மங்கியது, ஹெட்செட்டில் எந்நேரமும் இருக்கும் அந்த மெல்லிய இரைச்சலும் நின்றுவிட்டது. பற்றரியைச் சார்ஜ் பண்ணும் ஆல்டர்னேட்டர் எப்போதோ நின்றிருக்கிறது, அம்மீற்றர் ஊசி கீழே கிடந்ததை நான் கவனிக்கவில்லை, மிச்சமிருந்த பற்றரியை எல்லாம் ரேடியோவும் விளக்குகளும் குடித்து முடித்துவிட்டன.

எஞ்சினுக்கு ஒன்றுமில்லை. அதன் தீப்பொறி எஞ்சினோடு சுற்றித் தானே மின்சாரம் உண்டாக்கும் மக்னீற்றோவிலிருந்து வருகிறது, பற்றரி இல்லாமலும் ஓடும். ஆனால் ரேடியோ இல்லை, ராடருக்கு எங்கள் எண்ணைச் சொல்லும் டிரான்ஸ்பொண்டரும் போய்விட்டதால் ரேடியோ பழுது என்று சொல்லும் 7600 எண்ணைப் போட்டும் பிரயோசனமில்லை. பின் இருக்கைப் பையில் இரவல் வாங்கிய ஒரு கைரேடியோ இருந்தது. எடுத்துத் திருகினால் அதுவும் செத்துக் கிடக்கிறது. பைக்குள் உரசிக் குமிழ் திரும்பி, எத்தனை நாளாக ஓடிக்கொண்டிருந்ததோ தெரியாது. சேர் பதறவில்லை. "தம்பி, உயரத்தை விடாமல் வா, கிட்டப் போனதும் டவரைப் பார்த்துக்கொண்டே இரு, பச்சை வெளிச்சம் தருவினம்" என்றார். நிலையான பச்சை என்றால் இறங்கலாம், நிலையான சிவப்பு என்றால் மற்ற விமானத்துக்கு வழிவிட்டுச் சுற்றிக்கொண்டிருக்க வேண்டும், மின்னும் சிவப்பு என்றால் இறங்கவே கூடாது. பரீட்சைக்குப் பாடமாக்கிய விசயம்தான், ஆனால் வாவித் தண்ணீரில் வெயில் பட்டுக் கண்ணைக் கூசும் ஒரு மத்தியானத்தில் அந்தச் சின்னப் பச்சைப் புள்ளியைத் தேடுவது எப்படி இருக்கும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. கண்டுபிடித்தோம், இறங்கினோம். அடுத்த நாளே சொந்தமாக ஒரு கைரேடியோ வாங்குவது என்று தீர்மானித்தேன்.

எங்கள் பக்கத்தில் இதைப்பற்றிக் கேட்க ஆள் குறைவு. நாவலடியில் மீன்பிடிக்குப் போகும் ஒரு அண்ணன் தன் போட்டில் இருக்கும் கைரேடியோவையே தருகிறேன் என்றார், நல்ல மனசு. அது சரிவராது. கடல் ரேடியோ 156 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில் எஃப்.எம். முறையில் கதைக்கும், விமான ரேடியோ 118 முதல் 137 வரை ஏ.எம். முறையில் கதைக்கும். இணையத்தில் மலிவாகக் கிடக்கும் சீன வோக்கி டோக்கிகளுக்கும் இதே கதைதான், சிலதில் விமான அலைவரிசையைக் கேட்கலாம், ஆனால் ஏ.எம்.மில் திருப்பிக் கதைக்க முடியாது. கேட்க மட்டும் முடிகிற சாமானை வாங்கிவிட்டுப் பாதுகாப்புக்கு ஒன்று இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள்.

சரி, பாவித்துப் பார்த்த மூன்றுக்கும் வருகிறேன். ஸ்போர்ட்டீஸ் பிஜே2 என்னுடையது. கனடாவில் இருக்கும் மச்சானும் அங்கே தனியார் விமானி, அவரிடம் யேசு (Yaesu) கம்பனியின் எஃப்டிஏ-550 இருக்கிறது, லீவில் வந்தபோது முறையாக அனுமதி எடுத்துக் கையோடு கொண்டுவந்தார். ஐகொம் ஐசி-ஏ25என் இரத்மலானையில் கூடப் பறக்கும் ஒரு நண்பருடையது.

சாமானாகப் பார்த்தால் ஐகொம்தான் முதலாவது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கையில் பிடித்தாலே உறுதி தெரிகிறது, பெரிய திரை, ஜிபிஎஸ், புளூடூத், தரை நிலையத்தின் சிக்னலை வைத்துத் திசை சொல்லும் வி.ஓ.ஆர். வழிகாட்டி, தண்ணீர் பட்டாலும் தாங்கும். லித்தியம் பற்றரி ஒரு நாள் பறப்புக்குத் தாராளம். யேசுவில் வி.ஓ.ஆரோடு ஓடுபாதையின் நடுக்கோட்டைக் காட்டும் லோக்கலைசரும் இருக்கிறது, மேகத்துக்குள் பறக்கிறவர்களுக்கு அது பெரிய விசயம், மச்சான் அதற்காகவே அதை வாங்கினார், அவருடைய ஊர்க் குளிர்காலத்துக்கு அது நியாயம். நான் பகலில், கண்ணுக்குத் தெரிகிற வானத்தில் மட்டும் பறக்கிறவன். வழி காட்ட மடியில் போன் இருக்கிறது, உன்னிச்சைக் குளமும் வாவியும் கல்லடிப் பாலமும் இருக்கின்றன. எனக்கு வேண்டியது டவரோடு ஒரு நிமிடம் கதைப்பது.

அந்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எஞ்சின் சத்தத்தில் கைரேடியோவின் ஸ்பீக்கர் ஒன்றும் கேட்காது, அதன் சின்ன மைக்கில் கத்தினால் டவருக்கும் எஞ்சின் சத்தம்தான் போகும். ஆகவே ஹெட்செட்டைக் கழற்றாமல் அதன் வயரைக் கைரேடியோவில் சொருக வேண்டும். ஐகொம், யேசு இரண்டிலும் அதற்குத் தனியாக ஒரு அடாப்டர் வயர் உண்டு, ஒரு முனை ரேடியோவுக்கு, மறு முனையில் ஹெட்செட்டின் இரண்டு பிளக்குகளுக்கும் துளைகள். வயர் நல்ல வயர்தான். ஆனால் அது பையின் எந்தப் பொக்கட்டில் இருக்கிறது? ஒரு கையால் விமானத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பின்னால் துழாவி, வயரைக் கண்டுபிடித்து, மூன்று இடத்தில் சொருகி... இதைத் தரையில் நிறுத்திவைத்த விமானத்தில், கடிகாரம் பார்த்துச் செய்தேன். யேசுவோடு எனக்கு இரண்டு நிமிடம் பிடித்தது. பிஜே2இல் அந்த இரண்டு துளைகளும் ரேடியோவிலேயே இருக்கின்றன, ஹெட்செட்டை விமானத்தின் கருவிப் பெனலில் இருந்து பிடுங்கி நேரே சொருக வேண்டியதுதான், இருபது செக்கனில் முடிந்தது. அன்றைக்கே எனக்கு மனது ஒன்றில் நின்றுவிட்டது.

அடுத்தது பற்றரி, என் மனதில் காயம் பட்ட இடமே இதுதான். லித்தியம் பற்றரி பாவிக்கப் பாவிக்க நல்லது, ஆனால் பாதுகாப்பு ரேடியோவை மாதக்கணக்கில் தொடவே மாட்டோம், மே, ஜூன் மாதங்களில் ஆரையம்பதி வெயிலில் கார் டிக்கிக்குள் கிடந்தால் அதன் ஆயுள் குறையும், சார்ஜ் இறங்கியிருப்பதும் வெளியே தெரியாது. பிஜே2 ஆறு பென்டோர்ச் (ஏஏ) பற்றரியில் ஓடுகிறது. எந்தக் கடையிலும் கிடைக்கும், தீர்ந்தால் பறந்துகொண்டே மாற்றலாம். யூ.எஸ்.பி.-சி வயரால் பவர் பாங்கிலிருந்தும் ஓட்டலாம், அதையும் செய்து பார்த்தேன். ஒன்று கவனம்: அல்கலைன் பற்றரிதான் போட வேண்டும். மலிவான சாதாரணப் பற்றரியில் கேட்கும்போது எல்லாம் சரியாக இருக்கும், கதைக்கப் பொத்தானை அமுக்கினதும் அனுப்பத் தேவையான மின்னோட்டத்தைத் தர முடியாமல் ரேடியோ அணைந்துவிடும். நான் ஆறு புதுப் பற்றரியை உறை பிரிக்காமல் ரேடியோவோடு இறப்பர் பாண்டில் கட்டி வைத்திருக்கிறேன், உள்ளே போட்டு வைப்பதில்லை. அல்கலைன் பழசானால் ஒழுகித் தகட்டை அரித்துவிடும், எங்கள் கடற்கரை உப்புக்காற்றும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். குமிழ் தற்செயலாகத் திரும்பினாலும் பற்றரி இறங்காது என்பது இன்னொரு இலாபம். ஐகொமுக்கும் யேசுவுக்கும் பென்டோர்ச் பற்றரி போடும் பெட்டி உண்டு, அவற்றை ஏற்கனவே வைத்திருப்பவர்கள் அந்தப் பெட்டியை எடுத்துப் பற்றரியோடு பையில் போடுங்கள், புது ரேடியோ வாங்கத் தேவையில்லை.

எவ்வளவு தூரம் கேட்கும்? பெனல் ரேடியோவுக்கு விமானத்துக்கு வெளியே அன்டெனா இருக்கிறது. கைரேடியோவின் இறப்பர் அன்டெனா உலோகக் கூட்டுக்குள் மாட்டிக்கொள்கிறது, எந்தக் கம்பனி சாமானாக இருந்தாலும் இதில் பெரிய வித்தியாசமில்லை. சேரோடு ஒரு நாள் டவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டுப் பெனல் ரேடியோவைப் பாவிக்காமல் பிஜே2இல் மட்டும் கதைத்தோம். உன்னிச்சைக் குளத்துக்கு மேல் வரும்வரை டவர் சொல்வது எங்களுக்குக் கேட்டது, நாங்கள் சொன்னது அவர்களுக்கு உடைந்து உடைந்து போனது. குளத்துக்கு மேல், 3000 அடியில், அன்டெனாவை நிமிர்த்திப் பக்கக் கண்ணாடிக்கு ஒட்டப் பிடித்ததும் சீராகிவிட்டது. நேர்கோட்டில் 15 முதல் 20 கிலோமீட்டருக்குள் இருக்கும். இறங்க அனுமதி கேட்க அது போதும். அன்டெனாவைச் சரித்துப் பிடித்தால் சத்தம் விழுந்துபோனதையும் நன்றாகவே கேட்டோம், விமான அலைவரிசை நிமிர்ந்த அன்டெனாவுக்கானது. சொந்த விமானம் வைத்திருப்பவர்கள் வெளியே ஒரு அன்டெனா பூட்டி, ரேடியோவுக்குப் பொருந்தும் முனையுள்ள வயரை உள்ளே விட்டால் மூன்று ரேடியோவும் வேறு ரேடியோவாக மாறிவிடும். என்னைப்போல் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு அந்த வழி இல்லை.

பிஜே2இல் எனக்குப் பிடிக்காததும் உண்டு. கை அடக்கத்தில் ஐகொம் அளவுக்கு இறுக்கமில்லை, அந்த இரண்டு பிளக்கும் மேலே நீட்டிக்கொண்டு நிற்பதால் மடியில் வைக்கச் சங்கடம், பெனலில் சாய்த்து வைக்கவும் இடம் தேட வேண்டும். அமெரிக்க வானிலை அலைவரிசைகளை உள்ளே போட்டிருக்கிறார்கள், அது எங்களுக்கு உதவாது. வழிகாட்டி ஒன்றும் கிடையாது. ஆனால் விலை ஏ25என்னின் பாதிக்கும் குறைவாகத்தான் வந்தது, மிச்சக் காசில் பல மணித்தியாலம் பறக்கலாம்.

வாங்குவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். இலங்கைக்குள் ரேடியோ கருவி கொண்டுவரத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அனுமதி வேண்டும், விமானி என்றாலும் வேண்டும். முதலில் அனுமதி, அப்புறம் ஓடர். சூட்கேசுக்குள் போட்டுக் கொண்டுவரலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், சுங்கத்தில் சாமானும் போகும், விளக்கம் சொல்லி அலையவும் வேண்டிவரும். உதிரி லித்தியம் பற்றரி இருந்தால் அது கைப்பையில்தான் வர வேண்டும், பெரிய பெட்டியில் போட விடமாட்டார்கள்.

இப்போது என் ரேடியோ இருப்பது பின் இருக்கைப் பையில் இல்லை, எனக்கும் கதவுக்கும் இடையில். பறக்கும் வழியில் தேவைப்படும் அலைவரிசைகளை வெள்ளை டேப்பில் பெரிதாக எழுதி அதன் முதுகில் ஒட்டியிருக்கிறேன், கடைசி வரியில் அவசர அலைவரிசை 121.5. ஒவ்வொரு பறப்புக்கும் முன் பற்றரியைப் போட்டு, இரத்மலானை டவர் யாரோடோ கதைப்பது காதில் விழும்வரை எஞ்சினைத் தொடுவதில்லை.