அலுமினிய ஹெட்டில் பிளக் மரை போனால்: எம்14 கம்பிச்சுருள் கிட் வாங்கலாமா?

வீட்டிலேயே ஸ்பார்க் பிளக் மாற்றுவோர் செய்யும் தவறுகளில் அதிகச் செலவு வைப்பது மரையைக் கெடுப்பதுதான். பிளக் எஃகு, அது ஏறும் ஹெட் (சிலிண்டரின் மேல்மூடி) அலுமினியம். பிளக்கைக் கோணலாக வைத்து ராட்செட்டால் இரண்டு சுற்று இழுத்தால் அலுமினியம்தான் தோற்கும். இன்ஜின் ஆறுவதற்குள் கழற்றினால் மரை பிளக்கோடு உரிந்து வரவும் வாய்ப்புண்டு. ஹெட்டை இறக்காமல் இதைச் சரிசெய்யச் சந்தையில் மூன்று வகை கிட்கள் கிடைக்கின்றன. என் பரிந்துரை, பைலட் டேப் (பழைய மரையைப் பற்றி நேராக இறங்கிப் புது மரை வெட்டும் கருவி) உள்ள கம்பிச்சுருள் கிட். டிரில் பிட்டோடு வரும் கிட்டை இந்த வேலைக்கு வாங்கவே வேண்டாம்.

அதற்கு முன் ஒன்று. கெட்டது முதல் இரண்டு மரைகள் மட்டும் என்றால் எந்தக் கிட்டும் தேவையில்லை. எம்14×1.25 திரெட் சேஸர் ஒன்று போதும். அது புதிதாக எதையும் வெட்டாது, நசுங்கிய மரையை நிமிர்த்திவிடும். அதன்பின் புது பிளக்கைக் கையாலேயே கடைசி வரை சுற்ற முடிந்தால் வேலை முடிந்தது.

வாங்கும்போது பிட்சை, அதாவது அடுத்தடுத்த மரைகளுக்கு இடையே உள்ள தூரத்தை, பாருங்கள். பிளக் மரை எம்14×1.25, அதாவது 14 மி.மீ. விட்டம், 1.25 மி.மீ. பிட்ச். ஹோண்டா கார்களின் ஆயில் டிரெயின் போல்ட் எம்14×1.5. இரண்டும் 14 மி.மீ. என்பதால் ஒரே கிட் இரண்டுக்கும் ஆகும் என்று நினைத்து வாங்கி ஏமாறுகிறார்கள். புதிய இன்ஜின்கள் பலவற்றில் பிளக்கே எம்12 அளவுக்கு மெலிந்துவிட்டது. ஆகவே பழைய பிளக்கை வெர்னியரில் அளந்தபின் ஆர்டர் போடுங்கள்.

கம்பிச்சுருள் என்பது ஹெலிகாயில் என்ற பெயரில் எல்லோரும் அறிந்தது. துருப்பிடிக்காத எஃகுக் கம்பியைச் சுருட்டிச் செய்த மரை அது. வெட்டிய துளையைவிடச் சற்றுப் பெரிதாக இருப்பதால், உள்ளே போனபின் விரிந்து தானே பிடித்துக்கொள்ளும். நல்ல கிட்டில் டேப்பின் முன்பகுதி எம்14 மரையாகவே இருக்கும். ஹெட்டில் மிச்சமுள்ள பழைய மரையைப் பற்றிக்கொண்டு அது நேராக இறங்க, பின்பகுதி ஏறக்குறைய 15.6 மி.மீ. அளவில் புது மரை வெட்டும். இந்த முன்பகுதிக்குத்தான் நாம் காசு கொடுக்கிறோம். டிரில் பிட்டோடு வரும் மலிவு செட்டில் அது கிடையாது. ஆழமான பிளக் குழிக்குள் கை டிரில்லை நேராகப் பிடிப்பது எளிதல்ல. துளை சாய்ந்தால் பிளக் வாஷர் ஒரு பக்கம் மட்டும் உட்காரும், கம்ப்ரஷன் கசியும். பிறகு லேத் பட்டறையில் புஷ் (உள்ளே மரையுள்ள உலோகக் குழல்) போடுவதும் கடினமாகிவிடும்.

அடுத்து சுருளின் நீளம். 19 மி.மீ. ரீச் (மரைப் பகுதியின் நீளம்) உள்ள பிளக்குக்கு 19 மி.மீ. சுருள்தான் வேண்டும். குறைந்தால் அடியில் திறந்து கிடக்கும் மரையில் கரி படியும். கூடினால் முனை எரிவறைக்குள் நீட்டி நின்று பழுக்கக் காயும், ஸ்பார்க்குக்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். பெட்டிக்குள் ஒரே நீளத்தில் 5 சுருள் வைத்துவிட்டு வெளியே நீளமே அச்சிடாத கிட்கள் உண்டு. அவற்றை ஒதுக்குங்கள்.

கிட்டோடு வரும் குறிப்புத்தாள் பெரும்பாலும் சொல்லாமல் விடுவது பிஸ்டன் எங்கே நிற்க வேண்டும் என்பதை. பைலட் டேப் நீளமானது. பிஸ்டன் மேலே இருந்தால் அதன் தலையில் இடிக்கும், வால்வு திறந்திருந்தால் அதில் மோதும். எனவே மற்ற பிளக்குகளையும் கழற்றிவிட்டு, கிராங்க் புல்லி போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இன்ஜின் ஓடும் திசையிலேயே சுற்றுங்கள். பிளக் துளையில் வைத்த விரலைக் காற்று தள்ளினால் அது கம்ப்ரஷன் ஸ்ட்ரோக். பிஸ்டன் மேலே வந்தபின் அதே திசையில் கால் சுற்று போனால், பிஸ்டன் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும், இரண்டு வால்வுகளும் மூடியிருக்கும். டேப் போட ஏற்ற இடம் அதுதான்.

டேப்பின் பள்ளங்களில் கெட்டியான கிரீஸை நிரப்புங்கள். துகள் உள்ளே விழாமல் கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை வெளியே எடுத்துத் துடைத்துப் புது கிரீஸ் வைக்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் சிலிண்டர் சுவரில் கீறல் விழும். காந்தக் குச்சியை நம்பாதீர்கள், அலுமினியத் துகள் காந்தத்துக்கு வராது. வேக்யூம் கிளீனர் வாயில் மெல்லிய டியூப் ஒன்றைச் செருகி உறிஞ்சி எடுப்பதே வழி. பிறகு எரிபொருளையும் இக்னிஷனையும் துண்டித்து, குழியின் மேல் துணி பிடித்து, சில நொடி ஸ்டார்ட்டர் அடித்தால் மிச்சம் மீதி துணியில் வந்து விழும்.

சுருளை மாண்ட்ரலில் (சுருளை உள்ளே சுற்றி ஏற்றும் கருவி) ஏற்றி அழுத்தாமல் சுற்றுங்கள், அழுத்தினால் மரை தாவிவிடும். மேல் முனை, வாஷர் உட்காரும் பரப்புக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே நிற்க வேண்டும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் நாக்கை, மற்ற இடங்களில் செய்வதுபோல் பஞ்ச் வைத்துத் தட்டினால் நேராகச் சிலிண்டருக்குள் விழும். நீள மூக்குக் குறடால் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்து ஒடித்து, குறடோடு வெளியே எடுங்கள்.

புது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் பெட்ரோல் பைப்பை மாட்டி, அதைப் பிடித்தே மரையில் ஏற்றலாம். கோணலாகப் போனால் பைப் வழுக்குமே தவிர மரை கெடாது. இறுக்கம் வாஷர் உள்ள எம்14 பிளக்குக்கு 25 முதல் 30 நியூட்டன் மீட்டர். சுருள் போட்ட துளையில் 25 போதும். டார்க் ரென்ச் இல்லையென்றால் கையால் முழுதும் இறுக்கியபின் அரைச் சுற்று. முலாம் பூசிய பிளக்குகளுக்கு ஆன்டி சீஸ் (மரை இறுகிக்கொள்ளாமல் தடவும் பசை) தடவ வேண்டாம் என்கிறது பிளக் தயாரிப்பாளரான என்ஜிகே. தடவினால் அதே டார்க்கிலும் பிளக் கூடுதலாக இறுகிவிடும். ஸ்டார்ட் செய்தபின் பிளக்கைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். குமிழி வராவிட்டால் சீல் பிடித்திருக்கிறது.

இந்த வகையின் உண்மையான குறை, அடுத்த முறை பிளக் கழற்றும்போது சுருளும் கூடவே வந்துவிடக்கூடும் என்பது. சாதாரண திரெட் லாக்கர் அந்தச் சூட்டில் இளகிவிடும். புதிதாக வெட்டிய மரையைக் கிரீஸ் பிசுக்கில்லாமல் துடைத்துவிட்டுச் சுருளை ஏற்றுவதும், ஆறிய இன்ஜினில் மட்டும் பிளக்கைக் கழற்றுவதும்தான் பாதுகாப்பு.

அந்தக் கவலையே வேண்டாம் என்போருக்கு டைம்சர்ட் போன்ற திட புஷ் கிட் இருக்கிறது. கடைசியில் போடும் டிரைவர் புஷ்ஷின் அடி மரைகளை விரித்துப் பூட்டிவிடும். ஆனால் டிரைவரில் எண்ணெய் இல்லாமல் சுற்றினால் அதுவே சிக்கிக்கொள்ளும். ஃபோர்டின் இரண்டு வால்வு டிரைட்டன் வி8 இன்ஜின்களில் பிளக் பிய்த்துக்கொண்டு வெளியேறும் பிரச்சினைக்கு அமெரிக்காவில் பலரும் நாடியது இந்த முறையைத்தான். விலை கம்பிச்சுருளைப்போல் பல மடங்கு. ஒரு பிளக் துளைக்காக வாங்குவது வீண், பட்டறை நடத்துவோருக்குத் தகும். அடிக்கடி கழற்றும் ஆயில் சேம்பர் டிரெயின் துளைக்கும் நான் திட புஷ்ஷையே சொல்வேன், அதற்கு எம்14×1.5 கிட் தனி.

வாஷர் உட்காரும் பரப்பில் விரிசல் தெரிந்தால் மேற்சொன்ன எதையும் வாங்காதீர்கள். ஹெட்டை இறக்கி, ஆர்கான் வெல்டிங் தெரிந்த லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள்.