கொழும்பில் காணிக்கு வேலி: எஸ்டிமேற் கேட்ட அனுபவம்

வெளிநாட்டில் இருந்துகொண்டு கொழும்புப் பக்கம் வெறும் காணி வைத்திருப்பவர்களுக்கு வேலி அவசரமான காரியம். 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டப்படி, ஒரு காணியைப் பத்து வருடம் தடையில்லாமல் தன்னுடையதாகவே ஆண்டு அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரி வழக்காடலாம். ஹோமாகமவில் அம்மாவின் பெயரில் 20 பேர்ச்சஸ் கிடக்கிறது. பின்வளவு வாழைகள் எங்கள் பக்கம் வந்துவிட்டன என்று மாமா போனில் சொன்னதிலிருந்து மனம் அமைதியாக இல்லை. லண்டனிலிருந்து இந்த முறை வந்ததும் அந்த வேலையைத்தான் முதலில் கையில் எடுத்தேன்.

வெள்ளவத்தையில் தங்கியிருந்தபடி கொன்றாக்டர்மாரை விசாரித்தால், எல்லாரும் கேட்பது “எத்தனை பேர்ச்சஸ்?” என்றுதான். அதைக் கேட்ட கையோடு ஒரு தொகையும் சொல்லிவிடுகிறார்கள். அந்தத் தொகையை நம்பவே கூடாது. ஒரு பேர்ச் 272.25 சதுர அடி, 20 பேர்ச்சஸ் என்றால் 5,445. காணி சதுரமாக இருந்தால் சுற்றளவு 295 அடி. எங்களுடையது வீதிப்பக்கம் 40 அடி, உள்ளே 136 அடி என்று நீண்டு போகிறது. சுற்றளவு 352 அடி வருகிறது. பரப்பு ஒன்றுதான், வேலியோ 57 அடி கூட!

ஆகவே முதலில் சேவையர், அதாவது நில அளவையாளர். பதிவுபெற்ற ஒருவரையே மாமா பிடித்துத் தந்தார். பழைய பிளானை விரித்து வைத்துக்கொண்டு அளந்தவர், வாழைக் கூட்டத்துக்குள் ஓரிடத்தைக் காட்டி “இங்கே தோண்டு தம்பி” என்றார். உதவிக்கு வந்த பையன் அலவாங்கால் குத்த, ஒரு முழம் ஆழத்தில் ணங் என்று எல்லைக்கல் தட்டுப்பட்டது. உடனே மூடவில்லை. அயலவரை வரச்சொல்லி, கல்லைக் கழுவிக் காட்டி, அவர் சரி என்று தலையாட்டிய பிறகுதான் நூல் கட்டினார். சண்டை சச்சரவு ஒன்றும் இல்லாமல் முடிந்தது. முழுப் பயணத்திலும் எனக்குக் கிடைத்த மிக நல்ல சேவை இதுதான்.

அப்புறம் கம்பி. பழைய சோனகத் தெருவில் ஒரு ஹாட்வெயார் கடை நானாவிடம் சங்கிலி வலை விலை கேட்டேன். “கேஜ் சொல்லாம விலை கேட்டா நான் என்னத்தச் சொல்ல?” என்றவர், மேசையில் இரண்டு துண்டுக் கம்பியை வைத்து “வளைச்சுப் பாருங்க தம்பி” என்றார். ஒன்று விரலுக்கு வளைந்தது, மற்றது அசையவில்லை. கேஜ் என்பது கம்பியின் தடிப்புக்கான எண்: 10 கேஜ் 3.25 மில்லிமீற்றர், 12 கேஜ் 2.64. எண் கூடக் கூடக் கம்பி மெலியும். வலைக்கண் ஒரே அளவாக இருந்தாலும் 12 கேஜ் வலை, 10 கேஜ் வலையின் எடையில் மூன்றில் இரண்டு பங்குதான் வரும். என்னிடமிருந்த மலிவான எஸ்டிமேற்றில் கேஜ் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

தூணும் அப்படித்தான். 8 அடிக்கு ஒரு கொங்கிறீற் தூண் நட்டால், 12 அடி கேற்றைக் கழித்து எங்களுக்கு 44 தூண் வேண்டும். மூலைகளுக்கும் கேற்றடிக்கும் முட்டுத்தூண் வேறு. 10 அடிக்கு ஒன்று என்று நட்டால் தொகை குறையும், கொஞ்ச நாளில் வலை தொய்யும். 8 அடித் தூணில் 2 அடியாவது மண்ணுக்குள் போகவேண்டும். இதெல்லாம் எழுத்தில் வரட்டும் என்று கேட்டதும் ஒரு கொன்றாக்டர் போன் எடுப்பதையே விட்டுவிட்டார். இன்னொருவர் நேரில் வந்து, டேப் பிடித்து, துப்புரவாக்கும் கூலி, லொறிக் கூலி, கேற், 18 சதவீத வற் வரி எல்லாம் தனித்தனியாக எழுதித் தந்தார். போனில் கேட்ட தொகைகளைவிட அது கூடத்தான். வேலையை அவருக்கே கொடுத்தோம்.

வீதிப்பக்கம் மதில் கட்டவும் எண்ணம் இருக்கிறது. வீதியை அகலமாக்கும் திட்டம் இருந்தால் மதிலை உள்ளே தள்ளித்தான் கட்டவேண்டும், அதனால் வீதிக்கோட்டுச் சான்றிதழ் எடுக்கப் போனோம். அலுவலகத்தில் படிவம் சிங்களத்தில் மட்டும். 1987இல் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. இன்னும் அம்மா தன் காணிக்கான படிவத்தைப் பிறர் வாசித்துச் சொல்லக் கேட்க வேண்டியிருக்கிறது. அது வலிக்கிறது. பக்கத்துக் கவுண்டரில் இருந்த பிள்ளை எழுந்து வந்து வரிக்கு வரி தமிழில் சொல்லி நிரப்பித் தந்தார்.

காசை மூன்று பங்காகக் கொடுப்பதாகப் பேசியிருக்கிறோம்: பொருள் இறங்கியதும் ஒன்று, தூண் நட்டதும் ஒன்று, கேற் பூட்டியதும் மிச்சம். குழியை மூடுமுன் ஒவ்வொன்றிலும் டேப்பை விட்டு மாமா வட்ஸ்அப்பில் படம் அனுப்புவார்.