குளூட்டன் இல்லாத ரொட்டி: சோளமா, கம்பா, ராகியா, அரிசியா?

கோதுமை, பார்லி போன்றவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் உள்ளவருக்குக் கோதுமை, மைதா, ரவை, பார்லி எல்லாமே ஆயுள் முழுக்க விலக்கு. இட்லி, தோசை இருப்பதால் காலைச் சாப்பாட்டுக்குக் கவலையில்லை. இரவுச் சப்பாத்திக்கு மாற்று தேடும்போதுதான் திணறல். சோளம், கம்பு, ராகி, அரிசி என்ற நான்கு மாவிலும் குளூட்டன் கிடையாது. அதனாலேயே பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் உதிர்ந்துபோகும். கொதிநீர் பட்டு ஸ்டார்ச் வெந்தால்தான் பிடிப்பு வரும்.

தினசரிக்கு வெள்ளைச் சோளம்தான் எங்கள் முதல் தேர்வு. ஒரு கப் மாவுக்கு முக்கால் முதல் ஒரு கப் தண்ணீர். உப்புப் போட்டு, தளதளவெனக் கொதித்ததும் அடுப்பை அணைத்து மாவைக் கொட்டிக் கிளறி, 10 நிமிடம் மூடி வையுங்கள். கை பொறுக்கும் சூட்டிலேயே 5 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள். ஆறிய பிறகு பிசைந்தால் தேய்க்கும்போது ஓரம் வெடிக்கும். கல்லில் போட்டதும் மேல்பக்கம் தண்ணீர் தடவி, அது காய்ந்ததும் திருப்பினால் நன்றாக உப்பும். பழைய மாவு என்ன செய்தாலும் விரிசல் விடும். கடையில் வெறுமனே ‘சோள மாவு’ என்று கேட்டால் கார்ன்ஃப்ளாரை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். அதில் ரொட்டி வராது.

கம்புக்கும் இதே பக்குவம்தான். சுவை இன்னும் ஆழம், ஆனால் கொழுப்பு அதிகமுள்ள தானியம் என்பதால் அரைத்த மாவு வெயில் காலத்தில் ஒரு வாரத்திலேயே சிக்கடித்துக் கசக்கும். அரைக் கிலோவுக்கு மேல் அரைக்காதீர்கள், ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

ராகியை மெல்லிசாகத் தேய்க்கப் பார்ப்பது வீண் வேலை. வாழையிலையில் எண்ணெய் தடவி அடையாகத் தட்டுங்கள். வெங்காயமும் முருங்கைக்கீரையும் சேர்த்தால் ஆறினாலும் வறண்டு போகாது. 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. குடல் பாதிப்பால் கால்சியம் குறைந்திருக்கும் சீலியாக் நோயாளிகளுக்கு இது பெரிய ஆதாயம்.

அரிசி மாவு ரொட்டிதான் நான்கிலும் மிருது, குழந்தைகள் சட்டென ஏற்பார்கள். ஆனால் நார்ச்சத்து குறைவு, ஆறினால் விறைத்துவிடும். டிபன் பாக்ஸுக்கு வேண்டாம்.

எந்த மாவானாலும் ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் இசப்கோல் உமியும் கூடுதலாக இரண்டு மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்த்தால் மடித்தாலும் உடையாது. அதைத் தாண்டினால் வாயில் வழவழக்கும்.

தானியத் தேர்வைவிட முக்கியமானது, அதை எங்கே அரைக்கிறீர்கள் என்பது. குளூட்டன் இல்லாத உணவு என்று சொல்ல, கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது. மில்லில் உங்களுக்கு முன்னால் யாரோ கோதுமை அரைத்திருக்கிறார்கள், இயந்திரத்தில் தங்கிய ஒரு டீஸ்பூன், அதாவது சுமார் 3 கிராம், உங்கள் ஒரு கிலோ சோளத்தில் கலக்கிறது என்று வையுங்கள். கோதுமை மாவில் பத்தில் ஒரு பங்கு குளூட்டன் என்றாலும் 300 மில்லிகிராம் வந்துவிடுகிறது. வரம்பைப் போலப் பதினைந்து மடங்கு. முதலில் விழும் மாவைத் தள்ளிவிட்டால் போதும் என்று நம்பாதீர்கள். தானியத்தைக் கழுவிக் காயவைத்து, வீட்டு மிக்ஸியில் கொஞ்சம் கொஞ்சமாக அரைத்துச் சலிப்பதே பாதுகாப்பு. சல்லடை, பலகை, குழவி மூன்றும் கோதுமை படாததாகத் தனியாக இருக்கட்டும். தொட்டுக்கொள்ளச் செய்யும் குழம்பில் போடும் கூட்டுப் பெருங்காயத்தையும் பாருங்கள்: பலவற்றில் மைதா சேர்த்திருப்பார்கள், டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்.