பெற்றோருக்கு எது ஏற்றது: வழிகாட்டி நூலா, நாவலா?

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில், பிள்ளை வளர்ப்பில் தெளிவு தேடும் பெற்றோர் சிலர், வழிகாட்டி நூலை வாங்குவதா, நம்பிக்கையூட்டும் நாவலை வாசிப்பதா என்று தயங்குகின்றனர்.

செலவு: பெரிய வேறுபாடு இல்லை, 2,500 ரிங்கிட் வரையிலான வாழ்க்கைமுறை வருமான வரிக் கழிவில் இரண்டுமே அடங்கும்.

எளிமை: வழிகாட்டியில் வேண்டிய பக்கத்தை மட்டும் புரட்டலாம். நாவலுக்குப் பொறுமை வேண்டும். விடியுமுன் பால்மரம் சீவப் போகிறவருக்கு இரவில் ஓர் அத்தியாயமே அதிகம்.

நீடிப்பு: ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கான யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் நீக்கப்பட்டதும், அதையொட்டிய அறிவுரைகள் பழசாகிவிட்டன. நாவலுக்கு அந்தக் கவலை இல்லை.

பார்வை: வழிகாட்டி செய்ய வேண்டியதைச் சொல்கிறது. நாவலோ, தந்தையின் கோபத்தை மகனின் கண்வழியே காட்டி, நாம் நியாயமென்று நினைத்த சொல் பிள்ளையின் காதில் எப்படி விழுந்திருக்கும் என்று எண்ண வைக்கிறது. ஆயினும், அத்தியாயந்தோறும் உபதேசிக்கும் நாவல்களை (அவையும் உண்டு) நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தூக்கம், கைப்பேசி, வீட்டுப்பாடம் போன்ற குறிப்பிட்ட சிக்கல்களுக்கு வழிகாட்டியே பொருந்தும். பதின்ம வயதுப் பிள்ளையோடு பேச்சு அற்றுப்போன வீட்டிற்கு நாவலையே சொல்வேன். பிள்ளைக்குக் கடும் மனச்சோர்வு இருப்பின், இரண்டையும் ஒதுக்கிவிட்டு அரசாங்க கிளினிக்கிற்கு அழைத்துச் செல்ல வேண்டும்.