கண்ணால் தட்டச்சு செய்யும் கருவி: தமிழில் எழுதுவோருக்குப் பயன்படுமா?

கை கால்களும் நாக்கும் ஓய்ந்துபோன ஒருவர் பார்வையை மட்டும் கொண்டு எழுத உதவும் கேமரா பட்டை, கண்ணசைவு நன்றாக உள்ளவருக்குக் கொடுத்த காசுக்குக் குறைவில்லாத பொருள்தான். ஆனால் அவர் தமிழில் எழுத வேண்டியவர் என்றால், பெட்டியில் வருவது பாதிக் கருவியே. மீதியை வாங்கியவர்தான் செய்துகொள்ள வேண்டும். கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு, தசைகளை இயக்கும் நரம்புகளை மெல்ல அழிக்கும் ஏ.எல்.எஸ். நோயால் பேச்சு முற்றிலும் நின்றுவிட்டது. நினைவாற்றல், முன்கோபம், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கும் வழக்கம் ஆகியவற்றில் எந்தக் குறைவும் இல்லை. அவருக்காக வாங்கி, நாள்தோறும் பயன்பாட்டில் இருக்கும் கருவியைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

மடிக்கணினித் திரையின் அடியில் ஒட்டப்படும் பட்டை, கண்ணின் மீது அகச்சிவப்பு ஒளியைச் செலுத்தி, அதன் பளபளப்பு தெரியும் இடத்தையும் கண்மணியின் நடுவையும் வைத்து, பார்வை திரையில் எங்கே நிற்கிறது என்று கணக்கிடுகிறது. ஓர் எழுத்தின் மீது குறித்த நேரம் பார்வை நின்றால், அந்த எழுத்து அழுத்தப்பட்டதாகக் கொள்ளப்படும். இந்த நேரத்தை நம் விருப்பப்படி கூட்டலாம், குறைக்கலாம். சித்தப்பாவுக்கு ஒரு வினாடி பொருந்தியது. வெயிலிலும் அகச்சிவப்பு இருப்பதால், கிழக்கு ஜன்னல் வழியாகக் காலை வெயில் கட்டிலில் விழும் வேளையில் கருவி குழம்பிவிடுகிறது. கனத்த திரைச்சீலை போட்ட பிறகே அது சரியானது. தலையணை சற்றுச் சரிந்தாலும், திரையில் தோன்றும் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் சொல்லி மீண்டும் அளவு எடுக்க வேண்டும். இதைச் சலிக்காமல் செய்ய வீட்டில் ஒருவர் தேவை. எங்கள் வீட்டில் அது சித்தி.

பெரிய குறை விசைப்பலகையில் இருக்கிறது. கருவியுடன் வந்த தமிழ்ப் பலகை, இந்திய மொழிகளுக்குப் பொதுவான இன்ஸ்கிரிப்ட் என்னும் விசை அமைப்பில் இருந்தது. ‘தண்ணி’ என்று எழுத அதில் புள்ளியையும் சேர்த்துக் குறைந்தது ஐந்து முறை பார்வையை நிறுத்த வேண்டும். தமிழுக்கென்றே அமைந்த தமிழ்99 என்னும் விசை அமைப்பில் ஒரே மெய் இரட்டிக்கும்போது புள்ளி தானாக விழுந்துவிடுவதால் நான்கே போதும். விரலால் தட்டுகிறவர்களுக்கு இது பொருட்படுத்த வேண்டிய வேறுபாடே அல்ல. பத்துச் சொல் எழுதுவதற்குள் கண்ணில் நீர் கோத்துக்கொள்ளும் நோயாளிக்கு ஒவ்வொரு எழுத்தும் கணக்குத்தான். அடுத்த சொல்லை ஊகித்துத் தரும் வசதி ஆங்கிலத்தில் நன்றாக வேலை செய்கிறது. தமிழில் அது வேலை செய்யாமலிருந்தால்கூட நல்லது என்னும் அளவுக்கு இருக்கிறது. ‘சளி’ என்று தொடங்கினால், ‘உறிஞ்சு’ என்பதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டும். கடைசியில், அவசரச் சொற்களுக்கென ஒரு பக்கத்தை நாங்களே அமைத்தோம்: ‘சளி எடு’, ‘வலப்பக்கம் திருப்பு’, ‘ஃபேனைக் குறை’, ‘நெற்றியில் கொசு’. இவற்றுள் மிகுதியாகப் பயன்படுவது கொசுதான்.

பட்டைக்கு மட்டும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் ஆயிற்று. விற்ற நிறுவனத்தின் பெயரைச் சொல்ல விரும்பவில்லை. விற்கும்வரை நாள்தோறும் அழைத்தவர்கள், தமிழ்99 கேட்டபோது மட்டும் ‘ஆங்கிலத்திலேயே பழகிக்கொள்ளச் சொல்லுங்களேன்’ என்றார்கள். இறுதியில் அதை நிறுவித் தந்தவர் எங்கள் தெருவில் இருக்கும் பொறியியல் கல்லூரி மாணவர்.

எந்தக் கருவி வாங்கினாலும் எழுத்துப் பலகை ஒன்றையும் செய்து வைத்துக்கொள்வது நல்லது. ஒளி ஊடுருவும் அக்ரிலிக் தகட்டில் உயிரெழுத்துகளையும் மெய்களையும் கொத்துக் கொத்தாக எழுதி, எதிரே உட்கார்ந்து தகட்டின் வழியாக நோயாளியின் கண் போகும் திசையைப் படிப்பதுதான் முறை. திருப்பாதிரிப்புலியூரில் பெயர்ப்பலகை எழுதும் கடையிலேயே இதைச் செய்து தந்தார்கள். 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, தென்பெண்ணையிலும் வெள்ளம் வந்த நாட்களில், இன்வெர்ட்டரும் ஓய்ந்த பிறகு, டார்ச் வெளிச்சத்தில் சித்தப்பாவின் பேச்சு இந்தத் தகட்டின் வழியாகவே நடந்தது.

‘மூளையில் சிப் வைக்கிறார்களாமே, அது வரும்வரை பொறுக்கலாமே’ என்று உறவினர் பலர் கேட்டார்கள். 2024 ஜனவரியில் நியூராலிங்க் நிறுவனம் முதன்முதலில் மனிதருக்குப் பொருத்திய, மூளையின் மின்குறிப்புகளைப் படிக்கும் 1,024 மின்முனைகள் கொண்ட கருவி, முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டவர் திரையில் சுட்டியை நகர்த்த உதவியது. அதன் நுண்ணிழைகளில் சில பின்னர் மூளையிலிருந்து பின்வாங்கின. பேச்சுக்கு நெருங்கியது, அதே ஆண்டு வெளியான கலிபோர்னியா டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வு: ஏ.எல்.எஸ். நோயாளி ஒருவரின் மூளையில் பொருத்திய 256 மின்முனைகள், அவர் பேச முயலும்போது எழும் குறிப்புகளைப் படிக்க, கணினி 97 விழுக்காடு சரியாகச் சொற்களாக்கி, நோய்க்கு முந்தைய அவருடைய குரலின் சாயலிலேயே வாசித்தது. இதைப் படித்துக்காட்டியபோது சித்தப்பா நெடுநேரம் எழுதி, ‘எனக்கு எப்போ’ என்று கேட்டார். இவை ஆய்வுச் சோதனைகள், கடையில் கிடைப்பவை அல்ல என்று சொன்னோம். டேவிஸ் கருவி ஆங்கில ஒலிகளை ஊகித்து, எந்தச் சொல்லுக்குப் பின் எது வரும் என்று கணிக்கும் ஆங்கில மொழி மாதிரியின் துணையால் சொற்களாகக் கோக்கிறது. ‘வந்துக்கிட்டிருக்கான்’ என்னும் வீட்டுத் தமிழைப் புரிந்துகொள்ளும் மாதிரி இல்லாமல் அதே கருவி இங்கு வந்தால், இன்று எங்கள் கேமரா பட்டையில் நாங்கள் படும் பாட்டையே, மண்டையைத் திறந்த பிறகும் பட வேண்டியிருக்கும்.

கண்ணசைவும் போய்விட்டவர்களின் நிலை வேறு. 2022இல் வெளியான ஜெர்மானிய ஆய்வில், அப்படிப்பட்ட ஒருவர் மூளைக் கருவியின் துணையால் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஓர் எழுத்து என்ற வேகத்தில் தம் தேவைகளைச் சொல்ல முடிந்தது. அவர்களுக்கு எங்கள் கருவியால் பயனில்லை. ஆகவே கண் தளர்வதற்கு முன்பே வாங்கிப் பழக்குவதுதான் முறை. பணம் கட்டும் முன், நோயாளி வழக்கமாகப் படுத்திருக்கும் கட்டிலிலேயே, காலையும் மாலையும், மூக்குக்கண்ணாடி அணிபவர் என்றால் அதோடும் சோதித்துக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்99 உண்டா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.