செலவில் அளப்பதா, விளைவில் அளப்பதா?

கொழும்பின் பேண்தகு வளர்ச்சித் திட்டம் நகர்கிறதா என்று பார்க்க இரண்டு வழி உண்டு.

பழகிய வழி, பௌதிக முன்னேற்றமும் நிதி முன்னேற்றமும்: எத்தனை மீற்றர் வடிகான் கட்டியாயிற்று, ஒதுக்கீட்டில் எத்தனை வீதம் செலவாயிற்று. பற்றுச்சீட்டுகள் இருந்தால் ஓர் எக்செல் தாளே போதும். கணக்காய்வுக்கும் இது கட்டாயம். ஆனால் நிதியாண்டு டிசம்பர் 31இல் முடிவதால், கடைசி மாதத்தில் கட்டணப் பட்டியல்கள் குவிந்து வேலை பாய்ந்ததுபோல் தெரியும். வடிகான் முடிந்தும் வெள்ளவத்தையில் தண்ணீர் நின்றால் தாள் அதைச் சொல்லாது.

மற்றது விளைவு: மழை விட்டபின் தண்ணீர் வடிய எத்தனை மணி நேரம், தரம் பிரித்த குப்பை எத்தனை கிலோ, ஈரநிலம் எத்தனை ஹெக்டேயர் மிஞ்சியது. 2018இல் ராம்சார் எனும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்புக்குக் கடைசிக் கேள்வி சும்மா இல்லை. காலநிலை மானியம் தருவோர் தேடுவதும் இதைத்தான். வேலை தொடங்குமுன் அடிப்படை அளவீடு எடுக்காவிட்டால் பின்னர் ஒப்பிட ஒன்றுமிராது. மானிய விண்ணப்பம் சறுக்குவது இங்கேதான். பின்னர் அளக்கும்போதும் அதே இடம், அதே முறை; அன்றைய மழையளவையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

மானியம் தேடும் மாநகர சபைக்கு இரண்டாவது வழியே கைகொடுக்கும். இப்படி அளக்கக்கூடிய ஐந்தாறு குறிகாட்டிகள் போதும். அளவெடுக்கும் செலவையும் விண்ணப்பத்தின் வரவுசெலவிலேயே சேர்த்துவிடுங்கள்.