ஒரு பென்னிக்கு எந்தச் செய்தி ஏடு? உள்நாட்டுப் போர்க்கால இங்கிலாந்தில் ஆலிகஸ், பிரிட்டானிகஸ், டயர்னல்

1644ஆம் வருட லண்டன். அரசர் முதலாம் சார்லஸுக்கும் நாடாளுமன்றத்துக்கும் போர் மூண்டு இரண்டு வருடமாகிறது. அரசர் ஆக்ஸ்ஃபோர்டில் உட்கார்ந்திருக்கிறார், லண்டன் நாடாளுமன்றத்தின் கையில். உங்களிடம் இருப்பது ஒரு பென்னி. செய்தி ஏட்டின் விலையும் அதுதான். கூலியாளுக்கு ஒரு நாள் சம்பளமே சுமார் 12 பென்னி என்பதால் வாரத்துக்கு ஒன்று வாங்கலாம், எல்லாவற்றையும் வாங்க முடியாது. எதை வாங்குவது?

1641 ஜூலையில் ஸ்டார் சேம்பர் என்ற நீதிமன்றம் ஒழிக்கப்பட்டதும் அச்சுக்கூடங்கள் மீதிருந்த பிடி தளர்ந்தது. அதுவரை உள்நாட்டு அரசியலை அச்சிட்டு விற்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். அந்த நவம்பர் கடைசியிலேயே நாடாளுமன்ற நடவடிக்கைகளைச் சொல்லும் முதல் வார ஏடு வந்துவிட்டது. அப்புறம் அணை உடைந்த கதைதான். ஜார்ஜ் தாமசன் என்ற லண்டன் புத்தகக் கடைக்காரர் 1642இல் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பிரசுரங்களைச் சேர்த்து வைத்தார்.

எல்லா ஏடுகளுக்கும் உடம்பு ஒன்றுதான். ஒரு முழுத் தாள், இரண்டு மடிப்பு, எட்டுப் பக்கம். வித்தியாசம் உள்ளே இருந்தது.

முதலில் ஆலிகஸ். முழுப் பெயர் மெர்குரியஸ் ஆலிகஸ், அதாவது அரசவைத் தூதன். 1643 ஜனவரியில் ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் ஹெய்லின் தொடங்கினார். சீக்கிரமே ஜான் பெர்க்கன்ஹெட் பொறுப்பேற்றார். உலகத்தைப் பொய்யால் ஏமாற்றியது போதும், இனி அரசவையின் செய்தியைக் கேளுங்கள் என்பதுதான் முதல் இதழின் தொனி. இதழின் வாரக் கணக்கு ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கும். நாடாளுமன்றப் பக்கம் அதிகம் இருந்த, ஞாயிறன்று வேலையே கூடாது என்கிற பியூரிட்டன்களுக்கு (கறாரான புராட்டஸ்டண்டுகளுக்கு) அதுவே எரிச்சல்.

ஆலிகஸின் பலம் எழுத்து. பெர்க்கன்ஹெட் கத்துவதில்லை, சிரிக்கிறார். லண்டன் ஏடுகள் இந்த வாரம் சொன்ன பொய்கள் எத்தனை என்று கடைக்காரர் பாக்கி எழுதுவதுபோல எண்ணிக் காட்டுவார். இதைவிட முக்கியம், லண்டனில் அவருக்கு ஆட்கள் இருந்தார்கள். நாடாளுமன்றத்துக்குள் யாருக்கும் யாருக்கும் முட்டிக்கொண்டது என்பதை லண்டன்காரர்களே சில சமயம் ஆக்ஸ்ஃபோர்டு ஏட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். தடை செய்யப்பட்ட சரக்கு என்பதால் ரகசியமாகக் கடத்தி வந்து, பென்னிக்குப் பல மடங்கு விலையில் விற்றார்கள். லண்டனிலேயே திருட்டுத்தனமாக மறுபதிப்பும் நடந்தது.

பலவீனம்? தன் பக்கத் தோல்வியை ஆலிகஸால் எழுத முடியாது. 1644 ஜூலை 2இல் மார்ஸ்டன் மூரில் அரச படை நொறுங்கியது. ஆக்ஸ்ஃபோர்டுக்கு முதலில் வந்த தகவலோ அதற்கு நேர்மாறு. ஆலிகஸ் அதை நம்பி வெற்றி என்றே எழுதிவிட்டு, பிறகு விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் திண்டாடியது.

அடுத்தது மெர்குரியஸ் பிரிட்டானிகஸ். ஆலிகஸுக்குப் பதில் சொல்லவே 1643 ஆகஸ்டில் லண்டனில் பிறந்தது. இலத்தீன்படி இரண்டு 'என்' வர வேண்டிய பெயரில் ஒன்றுதான் போட்டிருந்தார்கள்! தாமஸ் ஆட்லியும் மார்ச்மான்ட் நீடமும் நடத்தினார்கள். போகப் போக எல்லாம் நீடம் கைவண்ணம்தான். தலைப்புக்குக் கீழே இருக்கும் வரியைப் பாருங்கள். அரசவைச் செய்தியை நாட்டின் மற்ற பகுதிகளுக்கு அறிவிக்கிறேன் என்கிறது ஆலிகஸ். மக்கள் நன்றாகத் தெரிந்துகொள்வதற்காக என்கிறது பிரிட்டானிகஸ். அந்தப் போரின் சண்டையே இந்த இரண்டு வரிக்குள் இருக்கிறது என்பேன்.

நீடமின் முறை எளிது. ஆலிகஸ் சொன்னதை எடுத்துப் போட்டு, ஒவ்வொன்றுக்கும் பதிலடி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தடை செய்யப்பட்ட ஏடு என்ன சொன்னது என்பதை, அனுமதி பெற்ற ஏட்டிலேயே ஒரு பென்னிக்குப் படித்துவிடலாம்.

1645 ஜூனில் நேஸ்பி போரில் அரசரின் கடிதப் பெட்டி சிக்கியது. அரசிக்கு எழுதிய அந்தரங்கக் கடிதங்களை நாடாளுமன்றம் அடுத்த மாதமே அச்சிட்டது. நீடம் வாராவாரம் அவற்றுக்கு உரை எழுதினார். அந்த உற்சாகத்தில் ஆகஸ்ட் 4 இதழில் எல்லை மீறினார். அரசரைக் காணவில்லை என்று ஓர் அறிவிப்பு! நாடாளுமன்றத்தை விட்டு நாலு வருடமாக வழிதவறித் திரியும் பிடிவாதக்கார அரசர், குற்றமுள்ள நெஞ்சு, ரத்தம் தோய்ந்த கைகள் என்று அடையாளம் அடுக்கிவிட்டு, இவை போதாவிட்டால் பேசச் சொல்லுங்கள், உடனே கண்டுகொள்வீர்கள் என்று முடித்தார். அரசருக்குத் திக்குவாய். பிரபுக்கள் சபை கொதித்துப் போய் ஆட்லியையும் அச்சடித்தவரையும் சிறையில் தள்ளியது. எழுதிய நீடம் கண்டிப்போடு தப்பித்தார். ஆனால் 1646 மே மாதம் அவரும் உள்ளே போனார், ஏடு நின்றது.

நீடமின் பிற்கால வரலாறு தெரிந்தால் நம் ஊர்க் கட்சித் தாவல்காரர்கள் எழுந்து நின்று வணங்குவார்கள். 1647இல் அரசருக்காக மெர்குரியஸ் பிராக்மாட்டிகஸ். 1650இல் குடியரசுக்காக மெர்குரியஸ் பொலிட்டிகஸ், கூடவே வருடத்துக்கு 100 பவுண்டு சம்பளம். எந்தப் பக்கம் இருந்தாலும் எழுத்தில் காரம் குறையவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

மூன்றாவது, பெர்ஃபெக்ட் டயர்னல். இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் அதன் பெருமை. வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் பத்திரம் எழுதிப் பிழைத்த சாமுவேல் பெக் நடத்தியது. திங்கள் இன்னது, செவ்வாய் இன்னது என்று நாள் வாரியாக நாடாளுமன்றத் தீர்மானங்கள், வந்த கடிதங்கள். இதுவும் நாடாளுமன்றச் சார்புதான், ஆனால் கூச்சல் இல்லை. படித்தால் தூக்கம் வரும். தீர்மானம் எந்தத் தேதியில் நிறைவேறியது என்று தேடும்போது இதைத்தான் கையில் எடுக்க வேண்டும்.

தனித் துண்டுப்பிரசுரங்களை நான் போட்டியில் சேர்க்கவில்லை. 1641இல் அயர்லாந்துக் கத்தோலிக்கர்கள் நடத்திய கிளர்ச்சியை ஒட்டி வந்த படுகொலைப் பிரசுரங்களில் நடந்தது எது, ஊதியது எது என்று அன்றைக்குப் படித்தவரால் பிரிக்கவே முடிந்திருக்காது. அந்தப் பயம்தான் போருக்கும் தூபம் போட்டது. இன்னொரு பக்கம் அரசரின் மருமகனும் படைத்தலைவருமான இளவரசர் ரூபர்ட்டின் வெள்ளை நாய், பெயர் 'பாய்' (Boy). அது மந்திரம் தெரிந்த நாய், சூனியக்காரி என்றெல்லாம் பிரசுரங்கள். நாடாளுமன்றத்தாரின் மூடநம்பிக்கையைக் கேலி செய்ய அரச தரப்பே எழுதியதும் அதில் உண்டு. மார்ஸ்டன் மூரில் அந்த நாயும் செத்தது, அதற்கும் பிரசுரம் வந்தது.

சரி, என் ஒரு பென்னி எதற்கு? எழுத்துக்கு என்றால் தயங்காமல் ஆலிகஸ். ஆனால் ஒன்றே ஒன்றுதான் என்றால் பிரிட்டானிகஸை வாங்குவேன். அது நேர்மையானது என்பதால் அல்ல. எதிராளியின் வார்த்தையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே திட்டுவதால், இரண்டு பக்கமும் ஓரளவு கிடைத்துவிடும். எதை மறுக்காமல் நழுவவிடுகிறார் என்று பார்த்தால் ஆலிகஸ் எங்கே உண்மை சொன்னது என்பதும் பிடிபடும்.

மூன்றையும் இன்று புரட்டிப் பார்க்க வழி இருக்கிறது. தாமசன் 1661 வரை சேர்த்த சுமார் 22,000 பிரசுரங்கள் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. பலவற்றின் முகப்பில் கைக்கு வந்த தேதியைத் தன் பேனாவாலேயே குறித்திருக்கிறார். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும். அப்போது இங்கிலாந்தில் வருடம் மார்ச் 25இல்தான் பிறக்கும். ஆகவே ஆலிகஸின் முதல் இதழைத் தேடுகிறவர்கள் 1642 ஜனவரி என்று தேட வேண்டும்.